சந்தேகமும் படுக்கை வண்டியும்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டறை வாசலில் வந்து நின்று, "சந்தேகம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். "அது எப்பவும் இருக்கும், உள்ள வாங்க" என்று தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே நான் பதில் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாக இதே கேலிதான். கேட்கிறவர்களுக்கும் அலுக்கவில்லை, எனக்கும் அலுக்கவில்லை. அவர் மட்டும் இதுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அவர் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். அதே பட்டறையில் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கடை. கார் சீட்டுக்கு உறை தைப்பது, நசுங்கிப்போன பஞ்சை மாற்றுவது, ஆடுகிற சட்டத்தை இறுக்குவது எல்லாம் என் வேலை. அவர் பக்கம் ஒயர் துண்டு, என் பக்கம் ரெக்சின் துண்டு. சாயங்காலம் பெருக்கும்போது இரண்டும் ஒரே முறத்தில் போகும்.

சந்தேகம் என்றால் சாதாரணச் சந்தேகம் இல்லை. புது பேட்டரியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் அதைச் சோதிப்பார். சோதிக்கிற மீட்டரைக் காலையில் முதலில் சோதிப்பார். அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, 'கீ' என்று கத்துகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். "மீட்டரே பொய் சொன்னா என்ன பண்றது?" என்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்தபின் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காத நாள் கிடையாது. நான் அதே இடத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு மூக்குமேல் கோபம். அவருக்கு அதைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் ஏதேதோ பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் வாயைத் திறந்து, "அந்த ஃபேன் ரெகுலேட்டர் சூடாகுதுன்னு நினைக்கிறேன். தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். அப்பா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். அன்று ராத்திரியே சம்மதம் சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் பட்டறையில் இருந்தார். அங்கே வண்டி வந்தவுடன் கம்ப்யூட்டரை மாட்டுவார்கள். அது ஒரு நம்பரைக் காட்டும், அந்த நம்பருக்கு என்ன பொருளோ அதைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் ஒரு நாள் மேனேஜரிடம், "கம்ப்யூட்டர் சென்சார் போச்சுன்னு சொல்லல சார். சென்சார் சர்க்யூட்ல கோளாறுன்னுதான் சொல்லுது. சர்க்யூட்னா சென்சார், ஒயர், பிளக், பாக்ஸ் எல்லாம் சேர்ந்தது" என்று சொல்லிவிட்டு, ஒரே வண்டியோடு மூன்று நாள் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு பிளக்குக்குள் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைக் கண்டுபிடித்தார். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், மேனேஜருக்கு இல்லை. அடுத்த மாதம் இவர் வீட்டில் இருந்தார். அவர்கள் அனுப்பினார்களா, இவராக வந்தாரா என்பது இன்றுவரை எனக்கே சந்தேகம்.

இப்படிப்பட்ட மனிதர் தோற்றுப்போன ஒரு திங்கட்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தோற்றதற்குக் காரணம் யார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், அவசரப்பட வேண்டாம்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்ஸிக்காரர் இருக்கிறார். நாங்கள் அண்ணே என்போம். முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டி, இரண்டு வருஷம் முன்னால் நிறுத்திவிட்டார். நிறுத்தியது அக்காவுக்காக, அதாவது அவர் மனைவிக்காக. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். முன்னமே ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில் அக்காவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. ஒரு தடவை வாடகைக் காரில் போய்விட்டு வந்து இரண்டு நாள் வலியில் துடித்தார். அதனால் அண்ணன் தன் டாக்ஸியையே கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தி, "தங்கச்சி, இதுல அவ காலை நீட்டிப் படுக்கணும்" என்றார்.

அந்த வேலையை நான் என் உடன்பிறந்தவளுக்குச் செய்வது போலச் செய்தேன். முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சட்டம் அடித்துப் பலகை போட்டேன். அதைப் பின்சீட்டின் இடதுபக்கத்தோடு சேர்த்து, தலையிலிருந்து கால்வரை ஒரே மட்டமாகப் படுக்கை ஆக்கினேன். பஞ்சு இரண்டு அடுக்கு. மேலே இளநீல ரெக்சின். வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்க ஜன்னலுக்கு ஒரு திரை. அக்கா முதல்முறை படுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக் கட்டிலைவிட இது நல்லா இருக்கே, ராத்திரி இங்கேயே தூங்கிக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்த வண்டிதான் இரண்டு மாதமாக நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. போகிற போக்கில், எந்த அறிகுறியும் காட்டாமல், எஞ்சின் பட்டென்று அணைந்துவிடும். அண்ணன் அக்காவைத் தூக்கி ஓர் ஓரமாக நிழலில் உட்காரவைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். "சூடாகி நிக்குது, ஆறினா ஓடுது" என்று இரண்டு பட்டறைகளில் சொல்லிவிட்டார்கள். எஞ்சின் சுற்றுவதைப் பார்த்து, அதை நடத்துகிற மூளைப் பெட்டிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் என்று ஒன்று உண்டு. அது சொல்வதை நிறுத்தினால் எஞ்சின் செத்துவிடும். அதை இரண்டு தடவை புதிதாக மாற்றினார்கள். வண்டி அதற்குப் பிறகும் நின்றது.

போன வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டது. ஒதுங்கக் கைப்பிடிச் சுவரைத் தவிர வேறு இடமில்லை. முக்கால் மணி நேரம். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அக்கா வெயிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அக்கா சத்தம் போடாமல் ஒன்று சொன்னார். "இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரல. செவ்வாக்கிழமை நீங்க வண்டியை எடுக்க வேணாம்." டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று அக்காவுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எத்தனையோ விமானத்துக்கு நேரம் தவறாமல் ஆட்களைக் கொண்டுபோய் விட்டவர், கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "தம்பி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கிளம்பணும். வண்டி நிக்காதுன்னு நீ சொன்னா, நான் அவ கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போயிடுவேன். நீ சொல்வியா?"

வேறு யாராக இருந்தாலும் "சொல்றேன்ணே, கவலைப்படாதீங்க" என்றிருப்பார்கள். இவர், "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து முறைத்தேன்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. முதலில் படுக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். "இது மேல யாரும் உக்காரக் கூடாது, டூல்ஸ் வைக்கக் கூடாது. அக்கா படுக்கற இடம்" என்று எனக்கும் அண்ணனுக்கும் உத்தரவு போட்டார். பிறகு கம்ப்யூட்டரை மாட்டினார். கிராங்க் சென்சார் சர்க்யூட் என்றே அதுவும் சொன்னது. சென்சாரைக் கழற்றி மேஜையில் வைத்து, என் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய் அதைச் சூடேற்றினார். தொட முடியாத சூட்டிலும் சென்சார் ஒழுங்காக இருந்தது. "இது நல்ல சென்சார்ணே. கழட்டிப் போட்ட ரெண்டும்கூட நல்லதாத்தான் இருந்திருக்கும்" என்றார். அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

அப்புறம் ஒயர். சென்சாரிலிருந்து கிளம்பி, எஞ்சினைச் சுற்றி, தகரச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக வண்டிக்குள் நுழைந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடி மூளைப் பெட்டிக்குப் போகிறது அது. ஒரு முனையில் மீட்டர், மறுமுனையில் மீட்டர். ஒயர் அறுந்திருக்கிறதா? இல்லை. எங்கேயாவது தகரத்தைத் தொடுகிறதா? இல்லை. எஞ்சின் ஓடும்போது ஒயரைப் பிடித்து ஆட்டினார், முறுக்கினார், இழுத்தார். எஞ்சின் கொஞ்சமும் அசராமல் ஓடியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகத் திறந்து பார்த்தார். பதினொரு மணிக்கு அண்ணன் ஓட்ட, இவர் அவருக்குப் பின்னால் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, இருவரும் அந்தப் பாலம் வரை போய்த் திரும்பினார்கள். வண்டி நிற்கவில்லை. மத்தியானம் மறுபடி போனார்கள். அப்போதும் நிற்கவில்லை.

நின்றுபோகிற வண்டியைச் சரி செய்யலாம். நிற்கவே மாட்டேன் என்கிற வண்டியை என்ன செய்வது? இரண்டு மணிக்கு அவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துவிட்டார். சாப்பிடவில்லை. சுவரில் சாக்பீஸால் வரைந்த சர்க்யூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், வேலையை விட்டுவிட்டு வந்த அன்று.

அப்போதுதான் என் போன் அடித்தது. அக்கா.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் காலையிலேர்ந்து கஷ்டப்படறாராமே. வேணாம்னு சொல்லிடு."

"என்னக்கா பேச்சு இது? வண்டின்னா நிக்கத்தான் செய்யும். சரி பண்ணிடலாம்."

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. நான் சொல்றதைக் கேளு. இவர் கடைக்கு எடுத்துட்டுப் போறாரு, நிக்கல. பெட்ரோல் போடப் போறாரு, நிக்கல. பட்டறைக்காரங்க ஊரெல்லாம் சுத்திப் பாத்தாங்க, நிக்கல. நான் ஏறினாத்தான் நிக்குது. ஒவ்வொரு தடவையும் நான் உள்ள இருக்கும்போதுதான். அதுக்கே என்னைச் சுமக்கப் பிடிக்கல போலிருக்கு." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "போதும்னு மேலேர்ந்து சொல்றாங்க. உங்க அண்ணனுக்குத்தான் புரிய மாட்டேங்குது. நீயாவது எடுத்துச் சொல்லு."

நான் என்னென்னவோ சொன்னேன். திட்டக்கூடத் திட்டினேன். போனை வைத்தபிறகு ரெக்சின் சுருளின்மேல் தலையைச் சாய்த்து அழுதேன். அழுகையை அடக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டிப் போய் அவரிடம் சொன்னேன். "அந்தக் கொடுமையைக் கேட்டீங்களா? அக்கா தன்னோட ராசியாலதான் வண்டி நிக்குதுன்னு நினைக்கறாங்க. நான் ஏறினாத்தான் நிக்குதுன்னு சொல்லி..."

ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"என்ன ஒவ்வொரு தடவையுமா?"

"நின்னது ஒவ்வொரு தடவையும் அக்கா உள்ள இருக்கும்போதுதானா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஒரு பொம்பள உயிரை விடறேன்னு அழுதுக்கிட்டு இருக்கா, நீங்க கணக்கெடுக்கறீங்களா?" என்று கத்தினேன். அவர் காதில் அது விழவே இல்லை. எழுந்து அண்ணனிடம் போய்விட்டார். அக்காவின் பேச்சை இரண்டு மாதமாக எல்லோரும் புலம்பல் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தோம், நானும்தான். இந்த ஒரு மனிதருக்கு மட்டும்தான் அது ஒரு தகவலாகப் பட்டது.

அண்ணன் யோசித்து யோசித்துச் சொன்னார். மொத்தம் ஏழு தடவை நின்றிருக்கிறது. ஏழிலும் அக்கா இருந்தார். ஆனால் அக்கா இருந்தும் நிற்காத நாட்களும் உண்டு. "ஒரு நாள் அவளுக்குக் குமட்டலா இருந்துச்சு. படுக்க முடியலன்னு பின்னால ஓரமா சாஞ்சு உக்காந்தே வந்தா. அன்னிக்கு நிக்கல."

"எறக்கி உக்காரவெச்சதுக்கு அப்புறம்தானே ஸ்டார்ட் ஆச்சு? எப்பவும்?"

"ஆமா தம்பி. சூடு ஆறினதும்..."

"சூடு இல்லண்ணே." அவர் படுக்கையைப் பார்த்தார். "சூடு இல்ல."

என் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து யாரையும் தொடவிடாமல் காத்த அந்த வெள்ளைத் துணியைத் தன் கையாலேயே எடுத்தார். "நீ ஏறிப் படு" என்றார்.

நான் அக்காவைப்போல இரண்டு மடங்கு இருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். அவர் ஓட்டினார், அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். பட்டறையை விட்டு வெளியே வந்தோம், தெருவில் திரும்பினோம். ஒன்றும் ஆகவில்லை. தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. என் முதுகுக்கு அடியில் பலகை ஒரு தடவை அமுங்கியது. எஞ்சின் பட்டென்று செத்துப்போனது.

அவர் சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் ஆகவில்லை. "எந்திரி" என்றார். எழுந்து உட்கார்ந்தேன். திருப்பினார். ஓடியது. அண்ணன் பின்னால் வாயில் துண்டை வைத்துப் பொத்திக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பி, படுக்கையின் முன்பாதியைத் தூக்கினோம். இவர் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டார். ரொம்ப நேரம் அந்தத் தலை வெளியே வரவில்லை. வந்ததும் என்னைத்தான் பார்த்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தேன்.

இனிமேல் சொல்வதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாலு மாதம் முன்னால் அக்கா ஒரு தடவை, "பள்ளத்துல ஏறி இறங்கும்போது நடுவுல கொஞ்சம் ஆடுதும்மா, இடுப்புல குத்துது" என்று சொல்லியிருந்தார். நான் அன்றைக்கே பலகைக்கு நடுவில் ஒரு மரக்கால் வைத்தேன். கால் வழுக்காமல் இருக்க அதன் அடியில் ரப்பர் துண்டு ஒன்றை வைத்து ஸ்க்ரூ அடித்தேன். சின்ன ஸ்க்ரூ போதும். ஆனால் அக்கா படுக்கிற படுக்கை, ஒரு நாளும் கழன்று வரக்கூடாது என்று, தலை கறுப்பாக இருக்கும் நீள ஸ்க்ரூவாக எடுத்து, அடியிலிருந்து மேல்நோக்கிப் போடாமல், அவசரத்தில் மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக முடுக்கிவிட்டேன். முனை ரப்பருக்குள்ளேயே நின்றது. கையால் தடவிக்கூடப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

ஆள் படுத்தால் ரப்பர் அமுங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அமுங்கினால் முனை வெளியே வரும். வந்து, கார்ப்பெட்டைக் குத்தி, அதற்கு அடியில் ஓடுகிற ஒயரைக் குத்தி, ஒயருக்குக் கீழே இருக்கும் தகரத்தைத் தொடும். எழுந்துவிட்டால் ரப்பர் நிமிர்ந்துகொள்ளும், முனை உள்ளே போய்விடும், ஒயர் நல்ல பிள்ளையாகிவிடும். இரண்டு மாதம் குத்திக் குத்தி உறையில் ஓட்டை போட்டு, அடுத்த இரண்டு மாதம் அக்காவை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது என்னுடைய ஸ்க்ரூ. அந்தக் கறுப்புத் தலை ஸ்க்ரூவை இந்த வட்டாரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் வாங்குவதில்லை.

அண்ணன், "என்ன தம்பி, கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுதுண்ணே. கார்ப்பெட்டுக்கு அடியில ஒயர் அடிபட்டிருக்கு. பழைய வண்டிதானே, அப்படித்தான் ஆகும். அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

வாழ்க்கையில் அவர் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அது எனக்காக என்று தெரிந்தது. ஆனால் அக்கா போனில் சொன்னது காதிலேயே நின்றது. 'அதுக்கே என்னைச் சுமக்கப் பிடிக்கல.'

"அண்ணே, அவர் சொல்றது பொய். அது என் ஸ்க்ரூ. நான் வெச்ச காலுதான் ஒயரைக் குத்தியிருக்கு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணன் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. "ரெண்டு மாசமா அவ தன்னையே சபிச்சுக்கிட்டு இருக்கா, தங்கச்சி" என்றார். நானும் தலையைத் தூக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அந்தக் கால் வெச்சதுக்கு அப்புறம்தான் அவ வழியில தூங்கவே ஆரம்பிச்சா. அதையும் சொல்லணும் இல்ல" என்றார். எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார். "ஒண்ணு பண்ணு. காலையில நீ வீட்டுக்கு வா. வந்து நீயே அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பா."

குத்துப்பட்ட இடத்தை இவர் வெட்டி எடுத்துப் புது ஒயர் சேர்த்துப் பற்றவைத்தார், உறை போட்டார், ஒயர்க் கட்டையே படுக்கைக்கு எட்டாத ஓரத்துக்கு நகர்த்திக் கட்டினார். நான் அந்தக் காலைப் பிடுங்கிவிட்டு, அகலப் பாதம் வைத்த வேறொரு காலை, ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல் பசையும் ஆப்பும் போட்டே நிறுத்தினேன். அதற்கப்புறம் நான் படுக்கையில், அவர் ஸ்டியரிங்கில், தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினோம். ஒரு தடவை இல்லை, பதினாறு தடவை. எதிர்ப்பக்க இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "என்னம்மா, ஊர்வலமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே திட்டினேன்.

பட்டறையைப் பூட்டும்போது அவரிடம் கேட்டேன். "மீட்டரையே சந்தேகப்படற ஆளு நீங்க. காலையிலேயே அந்தப் படுக்கையைத் தூக்கிப் பாத்திருந்தா ஒரு மணி நேர வேலை. ஏன் பாக்கல?"

அவர் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "அது நீ செஞ்சதாச்சே" என்றார். "அதுல பாக்கணும்னு தோணவே இல்ல."

தெருமுனை வரை வந்ததும் வழக்கம்போலப் பூட்டைப் பார்க்கத் திரும்பினார். கூடவே நானும் போனேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்க்ரூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "அக்கா, இதுதான் உங்களை இறக்கி விட்டுது. இது என்னோடது" என்றேன். மரக்கால், ரப்பர், ஒயர், தகரம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "நீங்க படுத்தா அது அமுங்கி ஒயரைக் குத்தும்க்கா. வேற ஒண்ணுமே இல்ல. ராசியும் இல்ல, மேலேர்ந்து யாரும் சொல்லவும் இல்ல. நான் பண்ண தப்பு."

அக்கா அந்த ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கனத்துலயா அமுங்குச்சு?"

"ஆமாக்கா."

"முப்பத்தெட்டு கிலோம்மா நான்." ஜன்னல் வெளிச்சத்தில் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். குச்சியாக இருந்தது கை. "காத்துல பறக்கற மாதிரி ஆயிட்டேன், இருக்கறதும் ஒண்ணு இல்லாததும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு காரையே நிறுத்தற அளவுக்கு இன்னும் இருக்கேனா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். வாசலில் சாவியோடு நின்றிருந்த அண்ணன் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். அக்கா படுக்கையில், நான் பின்னால் வலதுபக்கம். என் வீட்டுக்காரர் தெருமுனையில் வேகத்தடைக்குப் பக்கத்தில் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், ஓடுகிற வண்டியை எதைக்கொண்டு சோதிக்கப் போகிறாரோ தெரியவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையைத் தூக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பாலத்தில் ஏறும்போது அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. உச்சியைத் தாண்டினோம், அந்தக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினோம், வண்டி மறுபக்கம் இறங்கியது.

கொஞ்ச தூரம் போனபின் அக்கா கண்ணைத் திறந்து திரையை விலக்கி வெளியே பார்த்தார்.

"ஏங்க," என்று முன்பக்கம் பார்த்துக் கேட்டார், "வெள்ளிக்கிழமையும் ஏழு மணிக்குத்தானே கிளம்பணும்?"

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமா," என்றார், "ஏழு மணிக்குத்தான்."